வேனுக்கு அழும் ஏழு வயசுப் பையன்

சகோதரி, குடியாத்தத்திலிருந்து காலை ஆறே முக்காலுக்குப் பள்ளி வேன், வீடு திரும்ப ஐந்து மணி, பையன் தினமும் அழுகிறான், வீட்டிலேயே படிக்கவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கென்னவோ, அவன் அழுவது படிப்புக்கா வேனுக்கா என்று முதலில் பார்க்கவேண்டும். வேன்தான் காரணம் என்றால் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியே போதும்.

சட்டத்துக்காகப் பயப்படவேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக்கல்வியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பள்ளியிலிருந்து நின்ற பிள்ளை திரும்பி வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. பள்ளி மாற்றுச் சான்றிதழான டி.சி.யை வாங்கி பத்திரமாக வையுங்கள். பின்னால் 14 வயது ஆனதும் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுதலாம்.

நான் என் மகளை இரண்டு வருடம் வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். முதல் மாதம் கால அட்டவணை போட்டு, டீச்சர் மாதிரி அதட்டி, இரண்டு பேரும் அழுததுதான் மிச்சம். அப்புறம் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்துக் கூட்டல் கழித்தல் போட்டோம். உழவர் சந்தையில் மீதிச் சில்லறையை அவள்தான் எண்ணி வாங்குவாள். ஒருநாள் கத்தரிக்காய்க்காரம்மாவிடம் இரண்டு ரூபாய் குறைகிறது என்று சண்டைக்கே போய்விட்டாள்! வாசிக்க அரசுப் பாடநூல்களே போதும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கஷ்டம் பாடத்தில் இல்லை. மாலையில் விளையாட ஆள் வேண்டும், உங்களுக்கும் மூச்சுவிட நேரம் வேண்டும். கணவர் ஷார்ஜாவில், கையில் இன்னொரு குழந்தை என்கிறீர்கள். மாமியார் தினம் இரண்டு மணிநேரம் சின்னதைப் பார்த்துக்கொள்வாரா? அதைக் கேட்டுவிட்டு டி.சி.க்கு எழுதிக்கொடுங்கள்.