இரண்டாவது கடை எப்போது? சாப்பாட்டுக் கடை நடத்துவோருக்குக் கேள்வி பதில்

கலிபோர்னியாவின் இன்-என்-அவுட் பர்கர் கடைகள் அவசரப்படாமல் பெருகிய கதையைப் போன கிழமை சொன்னதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் ரோல்ஸ், கொத்து ரொட்டிக் கடை நடத்துகிறவர்களுக்கு உதவக்கூடியவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணை, அவர்கள் தொடங்கும்போதே பெரிய முதலாளிகளா? (நெல்லியடி)

இல்லை தம்பி. ஹரி, எஸ்தர் ஸ்னைடர் என்ற கணவன் மனைவி 1948இல் போல்ட்வின் பார்க் என்ற ஊரில் போட்ட கடை. பத்தடிக்குப் பத்தடி. காரில் இருந்தபடியே ஒலிபெருக்கியில் சொல்லி வாங்கிக்கொண்டு போகவேண்டும். விடியமுன்னம் ஹரி சந்தைக்குப் போவார், எஸ்தர் கணக்குப் பார்ப்பார். ஹரி 1976இல் இறந்தபோது இருந்தவை 18 கடைகள்தான். 28 வருடத்தில் 18!

வவுனியாவில் ஒருவர் எங்கள் கடைப் பெயரைக் கேட்கிறார். காசும் தருவாராம். கொடுக்கலாமா? (திருநெல்வேலி)

கொடுக்காதீர்கள். இன்-என்-அவுட் இன்றுவரை ஒருவருக்கும் பெயரைக் கொடுத்ததில்லை. இப்போது 400க்கு மேல் கடைகள். எல்லாம் குடும்பத்தின் கையிலேயே. உங்கள் பெயர் போட்ட பலகையின் கீழே பழைய எண்ணெயில் பொரித்தால், ஏச்சு உங்களுக்குத்தான் வரும்.

கிளிநொச்சியில் கிளை போட ஆசை. இங்கே செய்து அனுப்பினால் சரிவருமா? (கொக்குவில்)

இதைத்தான் நானும் செய்து கெட்டேன். சுன்னாகத்தில் இரண்டாவது கடை திறந்து, பொரித்த ரோல்ஸைச் சூட்டோடு பெட்டியில் அடைத்து ஓட்டோவில் அனுப்பினேன். போய்த் திறந்தால் மூடியின் உள்பக்கம் முழுக்க வேர்வை. மேலே இருந்த ரோல்ஸின் ரஸ்குத் தூள் ஊறி, தொட்ட விரலோடு கழன்று வந்தது. எட்டு மாதத்தில் பூட்டிவிட்டேன்.

ஸ்னைடர் குடும்பம் இந்த இடத்தில்தான் கவனமாக இருந்தது. இறைச்சியைத் தங்கள் சொந்தக் கூடத்தில் தட்டி, உறையவைக்காமல் அனுப்புகிறார்கள். கடைகளில் பிரீசர் இல்லை. உருளைக்கிழங்கை அந்தந்தக் கடையிலேயே வெட்டிப் பொரிக்கிறார்கள். அந்தக் கூடத்திலிருந்து லொறி ஒரு நாளில் போய்ச் சேருகிற தூரத்துக்குள்தான் புதுக் கடை. டெக்சாஸுக்குப் போக நினைத்தபோது முதலில் அங்கே ஒரு கூடம் கட்டி, 2011இல்தான் கடை திறந்தார்கள்.

ஆகவே உள்ளே வைக்கிற கறியையும் மாவையும் இங்கிருந்து அனுப்புங்கள். சுற்றுவதும் பொரிப்பதும் கிளிநொச்சியில் நடக்கட்டும். அப்புறம், பொரிக்கிற ஆள் உங்கள் கடையில் குறைந்தது ஆறு மாதம் நின்றவராக இருக்கவேண்டும். கட்டடம் பார்க்க முன்னம் அந்த ஆளைப் பாருங்கள். அவர்களும் 1984இலேயே முகாமையாளர்களுக்கென்று பயிற்சிக்கூடம் தொடங்கிவிட்டார்கள்.

பீட்சா, பிரைட் ரைஸ் சேர்க்கவா? (மானிப்பாய்)

வேண்டாம். அவர்களிடம் பர்கர், கிழங்குப் பொரியல், குடிபானம். அவ்வளவுதான்.

மகன் படிப்பு முடித்துவிட்டான். கடையை அவன் கையில் கொடுத்துவிடலாமா? (சாவகச்சேரி)

அக்கா, ஹரிக்குப் பிறகு பொறுப்பெடுத்த மகன் ரிச்சுக்கு வயது 24. 1993இல் விமான விபத்தில் அவர் இறந்தபோது கடைகள் 93. பேத்தி லின்சி 2010இல் தலைவரானார். ஆனால் 17 வயதில் ஒரு கிளையில் சாதாரண வேலையாளாகத்தான் தொடங்கினார். தம்பியை முதலில் தாச்சிக்குப் பக்கத்தில் ஒரு வருடம் நிற்கவிடுங்கள். கல்லாப்பெட்டித் திறப்பு உங்களிடமே இருக்கட்டும்.