விலையைக் கட்டினால் சரக்கு எங்கே போகிறது?

கேள்வி: உணவுப் பொருளை இதற்கு மேல் விற்கக் கூடாது என்று அரசு உச்சவிலை வைத்ததும் பொருளே கிடைக்காமல் போகிறது. பதுக்குகிறவர்களை இன்னும் கடுமையாகத் தண்டித்தால் சரியாகிவிடாதா?

பதில்: மரண தண்டனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டார்கள் அம்மா. கி.பி. 301இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு உச்சவிலை குறித்து, மீறினால் உயிர் போகும் என்று ஆணையிட்டார். பயந்துபோன வியாபாரிகள் சரக்கைச் சந்தைக்கே கொண்டுவரவில்லை என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜிம்பாப்வேயில் 2007 ஜூனில் விலையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் கைது நடந்தது. சில வாரங்களில் ரொட்டியும் சோளமாவும் இறைச்சியும் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன.

நான் ஒரு தானிய மண்டியில் பதினெட்டு வருடம் கணக்கு எழுதியவன். கொள்முதல் விலை, லாரி வாடகை, ஏற்றிறக்குக் கூலி, சேதாரம் எல்லாம் கூட்டிப் பார்ப்போம். அது உச்சவிலையைத் தாண்டினால், முதலாளி நல்லவரோ கெட்டவரோ, அடுத்த லோடுக்குச் சொல்ல மாட்டார். கையிலிருக்கும் சரக்கு, தெரிந்தவர்களுக்கு மட்டும் பில் போடாமல் கைமாறும். தெரிந்தவர் யாரும் இல்லாத கூலிக்காரர் வெறும் பையோடு திரும்புவார். அவருக்காகத்தானே விலையே வைத்தார்கள்! அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறாது. அப்புறம் விவசாயி. கட்டுப்படியாகாத பயிரை அடுத்த பருவத்தில் குறைத்துக்கொள்வார். அந்தப் பற்றாக்குறை அறுவடை நேரத்தில்தான் வெளியே தெரியும்.

சரி, அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? அப்படிச் சொல்ல மாட்டேன். பசியோடு இருப்பவரிடம், விலை தானாக இறங்கும்வரை பொறு என்று எப்படிச் சொல்வது? போர்க்காலத்தில் பிரிட்டன் 1940 ஜனவரியில் வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சியிலிருந்து பங்கீட்டைத் தொடங்கியது. விலை வைத்ததோடு விடவில்லை. உணவு அமைச்சகமே சரக்கை மொத்தமாக வாங்கியது. ஆளுக்கு இவ்வளவு என்று கூப்பன் கொடுத்தது. விலையைத் தாழ்வாக வைக்கக் கஜானாவிலிருந்து மானியமும் தந்தது. கள்ளச்சந்தை அங்கேயும் இருந்தது. ஆனாலும் ஏழை வீட்டுக்கும் அதன் பங்கு போய்ச் சேர்ந்தது. அந்த ஏற்பாடு முழுதாக முடிந்தது 1954 ஜூலையில்தான்.

அடுத்த முறை உச்சவிலை அறிவிப்பு வந்தால், அரசுக் கிடங்கில் எத்தனை வாரத்துக்கு இருப்பு இருக்கிறது, விளைவிப்பவருக்குக் கட்டுப்படியாகும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள பணத்தை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த இரண்டும் அறிவிப்பில் இல்லையென்றால், உங்கள் பகுதி மக்கள் பிரதிநிதியிடம் நேரிலேயே போய்க் கேளுங்கள்.