மூன்று மணிக்கு விழிக்கும் அப்பா: எது வயது, எது நோய்?

கேள்வி: நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 67 வயது. பாலக்கோடு பக்கம் கிராமத்தில் அம்மாவோடு இருந்து மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு வருடமாக விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். ஆட்களின் பெயர் சட்டென்று வருவதில்லை. அம்மா கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. முதுகும் கழுத்தும் விறைப்பாக இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "வயசானா அப்படித்தான்" என்கிறார். எதை அப்படியே விடலாம், எதற்குக் காட்ட வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதிய நான்கில் மூன்று பெரும்பாலும் வயதோடு வருபவை. அந்த முதுகு விறைப்பை மட்டும் வயதின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணம் உங்கள் ஊர்த் தண்ணீர்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். 2013-ல்தான் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் உங்கள் அப்பா ஐம்பது வருடத்துக்கு மேல் உள்ளூர்த் தண்ணீர் குடித்திருப்பார். இன்றும் தோப்பில் தாகம் எடுத்தால் போர் தண்ணீரைத்தானே பிடித்துக் குடிப்பார்? குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் பல வருடம் குடித்தால் எலும்பிலும் மூட்டைச் சுற்றிய நார்களிலும் படிந்து இறுகிவிடும். பார்வைக்கு மூட்டுத் தேய்மானம் போலவே இருப்பதால், வயசுக் கோளாறு என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மூன்று விஷயம் செய்து பாருங்கள். தரையில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு, முழங்காலை மடக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். தாடையை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள். இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையை மடக்கிப் பின்னந்தலையைத் தொடச் சொல்லுங்கள். இவற்றில் சிரமப்பட்டால் அதுவே முடிவல்ல, வெறும் இறுக்கமாகவும் இருக்கலாம். ஆனால் எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். தோப்புத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக ஆக மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். அதுவரை வீட்டிலிருந்து காவிரித் தண்ணீரைக் கேனில் கொண்டுபோகட்டும். படிந்ததை முழுதாக எடுக்க முடியாது, மேலும் படியாமல் தடுக்கலாம். அதனால்தான் சீக்கிரம் பாருங்கள் என்கிறேன்.

இதோடு ஒரு வேண்டுகோள். விறைப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி வலி மாத்திரை போடுகிறார் என்றால், அதை நிறுத்தச் சொல்லுங்கள். இந்த வயதில் சிறுநீரகத்தின் வேகம் குறைந்திருக்கும். தினமும் வலி மாத்திரை போட்டால் அது தாங்காது.

சரி, தூக்கத்துக்கு வருவோம். அப்பா எத்தனை மணிக்குப் படுக்கிறார்? எட்டு மணிக்கென்றால் மூன்று மணிக்குள் ஏழு மணி நேரம் ஆகிவிட்டது! வயதாக ஆகத் தூக்கம் லேசாகும், சீக்கிரம் வரும், சீக்கிரம் கலையும். மதியத் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்தி, மாலை டீயை விட்டு, இரவு ஒன்பதரை வரை விழித்திருந்தால் போதும். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்; இருட்டில் தடுமாறி விழுவதற்கு அது பெரிய காரணம். சிறுநீர் கழிக்கத்தான் அடிக்கடி எழுகிறார் என்றால் கதை வேறு. சர்க்கரையும் புராஸ்டேட்டும் பார்க்க வேண்டும்.

பெயர் மறந்து, அரை மணி கழித்துத் தானாக நினைவுக்கு வந்தால் பயம் வேண்டாம். தோப்புக்குப் போகும் வழி குழம்புகிறதா, மாங்காய்க்கு வாங்கிய முன்பணத்தின் கணக்கு புரியவில்லையா, அப்போது காட்டுங்கள். வயது மெதுவாகத்தான் வரும். சில நாளில் திடீரென வந்த குழப்பம், வாய் கோணல், கைகால் பலவீனம் எதுவும் வயதல்ல. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கொண்டுபோங்கள். காரணமில்லாமல் எடை குறைவதும் வயதல்ல, மருத்துவர் பார்க்க வேண்டியது.

காது விஷயத்தில் முதலில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதில்லையென்றால், வயதில் முதலில் போவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகள். பெண்கள், குழந்தைகள் குரல் அதனால்தான் பிடிபடுவதில்லை. அம்மா அடுப்படியிலிருந்து கத்துவதைவிட, டிவியை நிறுத்திவிட்டு, எதிரே வந்து முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்குக் காது மெஷின் இருக்கிறது, தள்ளிப்போட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று தாகம். வயதானால் உடம்புக்குத் தண்ணீர் தேவைப்பட்டாலும் தாகம் அவ்வளவாக எடுக்காது. சித்திரை வெயிலில் அறுப்பு நேரத்தில் மயங்கி விழுவது பல சமயம் இதனால்தான். அப்புறம், தசை கரைவது. ராகிக் களியில் கால்சியம் நிறைய, புரதம் குறைவு. களிக்குக் கொள்ளுக் குழம்போ மொச்சையோ முட்டையோ சேரட்டும். நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவதைக் காலை பத்து, மாலை பத்து முறை செய்யச் சொல்லுங்கள். முழங்கால் வலித்தால் குறைத்துக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தால் சண்டை போடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் நீங்கள் வேலை பார்க்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். துணை சுகாதார நிலையத்து நர்ஸிடம் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேவுக்கு மட்டும் நீங்களே ஒரு நாள் லீவு போட்டு அழைத்துப் போங்கள். மகன் கூட வந்தால் வர மாட்டேன் என்று சொல்கிற அப்பாவை நான் அதிகம் பார்த்ததில்லை.