புகைபோக்கிக்குள் இரைச்சல் கேட்டால்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பழைய செங்கல் வீடொன்றில் வாழும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சாலையோரம் வாங்கும் வாட்டில் (வேல மர இனம்) விறகை, விடியும்வரை கனலட்டும் என்று புகைபோக்கியின் தகட்டைப் பாதி மூடி எரிக்கிறோம். சென்ற வாரம் புகைபோக்கிக்குள் பேரிரைச்சல் கேட்டுத் தானாக அடங்கியது. இனிக் கணப்படுப்பை மூட்டலாமா?"

இப்போதைக்கு மூட்டாதீர்கள். நீங்கள் கேட்டது பெரும்பாலும் புகைபோக்கித் தீயின் ஓசையாகவே இருக்கும். 1,000 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடிய அந்தத் தீ உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்கியிருந்தால், அடுத்த முறை அனல் அவற்றின் வழியே கூரையின் மரச்சட்டங்களை எட்டிவிடும். புகைபோக்கியைச் சுத்தம் செய்யும் தொழிலாளரை அழைத்து, முழு நீளத்துக்கும் கேமரா இறக்கிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

காரணம் அந்த இரவுக் கனல்தான். காற்றின்றிப் புகையும் விறகிலிருந்து எழும் எரியாத ஆவிகள் குளிர்ந்த உட்சுவரில் தார்போலப் படிகின்றன; ஈர விறகானால் அதன் நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாவதால் படிவு இன்னும் விரைவாகச் சேரும். படிவு 3 மில்லிமீட்டர் தடிப்பை எட்டினாலே சுத்தம் செய்தாக வேண்டும். கண்ணாடிபோல் பளபளத்து இறுகிவிட்டால் சாதாரணத் தூரிகைக்கு அது அசையாது. தகட்டை மூடுவதில் வேறோர் ஆபத்தும் உண்டு: மணமற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குவோரின் அறைக்குத் திரும்பும். ஆகவே சிறிய தீயாக, சுடர்விட்டு எரிய விடுங்கள். உறங்கப் போகுமுன் அது தணியட்டும். கனல் முற்றிலும் அவியும்வரை தகடு திறந்தே இருக்கட்டும்.

வாட்டில் நல்ல விறகுதான், ஆனால் அடர்த்தியான மரமாதலால் பிளந்து அடுக்கினாலொழிய எளிதில் உலராது. விற்பவர் "காய்ந்தது" என்று சொல்வதை நம்பாமல், ஒரு கட்டையைப் பிளந்து அதன் உட்பக்கத்தில் ஈரமானியை வைத்துப் பாருங்கள். 20 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் வாங்க வேண்டாம். பச்சைச் சாயல் கொண்ட பழைய வேலிக்கம்பங்களை ஒருபோதும் எரிக்காதீர்கள். அவற்றில் ஊறிய மருந்தில் ஆர்செனிக் உண்டு. புகையும் சாம்பலும் நஞ்சு.

மீண்டும் அந்த இரைச்சல் எழுந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடேறிய சுவர் வெடிக்கும். எல்லோரும் வெளியேறி, கைப்பேசியிலிருந்து 112, அல்லது 10177 எண்ணை அழையுங்கள். சாம்பலுக்குள் கனல் சில நாள்கள்வரை உயிரோடிருக்கும் என்பதால், மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டை விட்டுத் தள்ளி வெறும் சிமெண்டுத் தரையில் வையுங்கள். குளிர்காலத்தில் மலைப்பக்கமிருந்து வீசும் வெப்பக் காற்றுக்குத் திறந்த வாளியின் ஒரு பொறி போதும்.