ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கிற கடவுச்சொல்

எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கம்பத்தில் இருக்கிற ஒரே ஃபைபர் பெட்டியிலிருந்துதான் வயர் வருகிறது. நாங்கள் பார்ப்பது அயல்வீட்டுக்குத் தெரியுமா? (ஆரையம்பதி)

தெரியாது. உங்களுக்கு வரும் ஒளி அயல்வீட்டுப் பெட்டி வரைக்கும் போவது உண்மைதான், ஆனால் தனக்கு வராததை அந்தப் பெட்டி எடுக்காமல் விட்டுவிடும். வீட்டுக்கு வீடு வேறு திறப்பு வைத்து 128 பிட் ஏஇஎஸ் என்ற மறையாக்கத்தில் பூட்டி அனுப்பும் வசதியும், ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கிற இந்த ஜிபொன் முறையில் உண்டு. பழைய செப்புக் கம்பியில் உங்களுக்கென்று தனிச் சோடி, ஆனால் பூட்டு இல்லை.

இன்கொக்னிட்டோவில் பார்த்தால் இணையம் தருகிற கொம்பனிக்குத் தெரியாதுதானே? (கல்முனை)

எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். உங்கள் போனில்தான் பதிவு இராது.

கடைக்கு 4ஜி ரவுட்டரும் கமராவும் வாங்கினேன். வீட்டிலிருந்து கமராவைப் பார்க்க முடியவில்லை. விற்றவர் ரவுட்டர் பழுது, விலை கூடினது வாங்குங்கள் என்கிறார். (அக்கரைப்பற்று)

ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வான் ஐபியை, அதாவது கொம்பனி ரவுட்டருக்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள். அது 10 இலோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், கொம்பனி ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டிருக்கிறது, அதனால் வெளியிலிருந்து நேரே உள்ளே வர வழியில்லை, எத்தனை ரவுட்டர் மாற்றினாலும் அதேதான். உங்களுக்கு அது ஒரு காவலும்கூட. கமராவின் சொந்தச் செயலி வழியாகப் பாருங்கள், முதலில் அதன் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016 இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கமராக்களைப் பிடித்தது, கடையில் வந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததால்தான்.

பாவித்த ரவுட்டர் மலிவாகக் கிடைத்தது, பில் கேட்கவில்லை. இப்போது பாதி மாதத்திலேயே டேட்டா முடிகிறது. (ஏறாவூர்)

ஏன் கேட்கவில்லை? பில் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, முறையிடவும் கையில் ஒன்றும் இல்லை. இதை எத்தனை தடவை எழுதிவிட்டேன்!

நானும் மட்டக்களப்பில் ஒரு கடையில் பாவித்த ரவுட்டர் வாங்கிக் கெட்டவன். வங்கிப் பக்கத்தைத் திறந்தபோது சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கை வந்தது. தேடிப் பார்த்தால், எந்தப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்கிற டிஎன்எஸ் இடத்தில் யாரோ முன்பே வேறு எண்ணைப் போட்டு வைத்திருந்தார்கள். கவனிக்காமல் கடவுச்சொல்லை அடித்திருந்தால் என் காசு போயிருக்கும். புதிது வாங்கினாலும் இதே கதைதான், பூட்ட வருகிற தம்பிமார், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் பெயரும் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின் என்று விட்டுவிட்டு, அடியில் ஒட்டியிருக்கிற வைஃபை சொல்லைப் படித்துக் காட்டிவிட்டுப் போகிறார்கள். ஃபைபரா 4ஜியா என்று பத்துப் பேரிடம் கேட்கிறவர்கள் இதை ஒருவரிடமும் கேட்பதில்லை. உங்கள் டேட்டாவையும் பழைய சொல் தெரிந்த யாராவது பாவிக்கக்கூடும். பின்னால் இருக்கிற சின்னத் துளையில் ஊசியை விட்டு, விளக்குகள் அணைந்து எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள், முன்பு போட்டதெல்லாம் அழிந்துவிடும். அப்புறம் அட்மின் சொல், வைஃபை சொல் இரண்டையும் மாற்றி, கடவுச்சொல் அடிக்காமலே வைஃபையில் சேர விடுகிற டபிள்யூபிஎஸ்ஸை நிறுத்துங்கள். அதன் எட்டு இலக்க எண் 2011 இலேயே உடைந்துவிட்டது.

ஃபைபர் போட வந்தவர் “வைரஸ் பாதுகாப்பு” என்று 4,500 ரூபா தனியாக வாங்கினார். பில்லில் அது இல்லை. (களுவாஞ்சிக்குடி)

அக்கா, வீட்டுக்கு வந்தவரை நம்பியது உங்கள் பிழை இல்லை. அப்படி எதுவும் ஃபைபர் வயரில் பூட்டுவதில்லை. காசு கொடுத்த திகதி, நேரம், பக்கத்தில் நின்றவர் யார் என்பதை இன்றே எழுதி வையுங்கள். முதலில் கொம்பனிக்கு எழுத்தில் முறையிட்டுப் பிரதி வாங்குங்கள், பதில் இல்லாவிட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 க்கு எடுங்கள்.