கொயர் பதிவு, கிறிஸ்துமஸ் ஆல்பம், பழைய கேசட்: அண்ணாச்சியிடம் கேட்டவை

பதிவு, இசைத்தட்டு, பாடகர் குழு சம்பந்தமா மட்டும் கேளுங்க. கீபோர்டு ரிப்பேர், யூடியூப் வருமானம் ரெண்டும் இங்க வேண்டாம்.

சாயர்புரம் ஆல்ட்டோ: அண்ணாச்சி, எங்க கொயர்ல 32 பேர். பாமாலை, கேரல் எல்லாம் சேர்த்து எட்டுப் பாட்டு கோயில்லயே ரெக்கார்டு பண்ணப் போறோம். எத்தனை மைக் வேணும்?

ரெண்டு போதும். ஆளுக்கு ஒண்ணு வைச்சா 32 தனிக்குரல்தான் கிடைக்கும், கொயர் கிடைக்காது.

ஒரே மாதிரி ரெண்டு கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தை அதிகமாப் பிடிக்கிற) மைக் எடுத்து ஒரே கம்பியில மாட்டுங்க. ரெண்டு முனைக்கும் நடுவுல 17 செ.மீ., வெளிப்பக்கமா விரிஞ்ச கோணம் 110 டிகிரி. ஸ்டாண்டு உயரம் பத்து அடி. முன்வரிசையிலேருந்து எட்டு முதல் பத்து அடி தள்ளி நிக்கட்டும். நடுவுல நின்னு ஒரு தடவை கைதட்டிப் பாருங்க. தட்டின சத்தம் ரெண்டு செகண்டுக்கு மேல இழுத்துக்கிட்டுப் போனா மைக்கை ஆறேழு அடிக்குக் கொண்டு வாங்க. பாடுறவங்க ஆல்டர் படிக்கட்டுல, பின்சுவரை ஒட்டி நிக்க வேண்டாம். பெஞ்சை ஒதுக்கிட்டு கோயில் நடுவுல மூணு வரிசையா, லேசா வளைஞ்சு நிக்கட்டும்.

ஃபேன் எல்லாத்தையும் நிறுத்துங்க. மேல சுத்துற ஃபேன்ல இரைச்சலை மட்டும் கணக்குப் போடாதீங்க. இறக்கை சத்தத்தை வெட்டி வெட்டி அனுப்பும், நீட்டிப் பிடிச்ச சுரம் நடுங்கின மாதிரி கேக்கும். இரைச்சலை அப்புறமா ஃபில்டர் போட்டுக் குறைக்கலாம், இந்த நடுக்கத்தை எந்த மென்பொருளும் எடுக்காது. பழைய செம்புச் சோக் போட்ட டியூப்லைட்டும் ரீங்காரம் போடும், அதையும் அணைங்க. காக்காயும் மயிலும் அடங்கணும்னா ராத்திரி பத்து மணிக்கு மேலதான். கோயில்பிள்ளைகிட்ட முன்கூட்டியே சொல்லி சாவி வாங்கி வைங்க.

கீபோர்டை ஸ்பீக்கர்ல விடாதீங்க. நேரா ரெக்கார்டருக்கு லைன் கொடுங்க, பாடுறவங்கள்ல நாலஞ்சு பேர் மட்டும் ஒரு காதுல ஹெட்ஃபோன் வைச்சுக்கட்டும். ரெக்கார்டர்ல பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்னு வைங்க. உச்சச் சத்தம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவுல நிக்கணும். பாட்டு முடிஞ்சு கடைசி எதிரொலி சாகுற வரைக்கும் யாரும் தாளைப் புரட்டக் கூடாது. ஆள் யாரும் அசையாம, வெறும் கோயிலை 30 செகண்டு தனியா பதிஞ்சு வைங்க, ஒட்டு வேலைக்கு அது வேணும்.

கீபோர்டு இல்லாம பாடினா ஒவ்வொரு டேக் முடிஞ்சதும் கீபோர்டுல ஆதார சுரத்தைத் தட்டிப் பாருங்க. பாட்டு கால் சுரம் இறங்கியிருந்தா அந்த டேக்கை இன்னொண்ணோட ஒட்ட முடியாது. இன்னொண்ணு, ‘ஸ்தோத்திரம்’, ‘கிறிஸ்து’ல வர்ற ‘ஸ்’ஸை 32 பேரும் ஆளுக்கொரு நேரத்துல சொன்னா பாம்பு சீறுற மாதிரி விழும். வரிசைக்கு ரெண்டு பேர் மட்டும் சொல்லட்டும், மத்தவங்க விழுங்கிரட்டும். கேக்குறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

வள்ளியூர்: ஐயாயிரம் ரூபாய்க்குள்ள நல்ல மைக் எது?

அந்தப் பணத்துக்கு ஒரு நாள் நல்ல ஜோடி மைக்கை வாடகைக்கு எடுங்க.

நாசரேத் டெனர்: ஹேண்டல் எழுதின ‘மெசியா’ங்கிற பெரிய கொயர் படைப்பைப் பழக யூடியூப்ல ஒரு பதிவைப் போட்டுக் கேட்டா, கீபோர்டுல டி மேஜர்ல வாசிக்கிறதோட சேரவே மாட்டேங்குது. அரை சுரம் கீழ இருக்கு. பதிவுல கோளாறா?

கோளாறு இல்லை. பரோக் வாத்தியங்களை (ஹேண்டல் காலத்து வாத்தியங்களை) வைச்சுப் பாடுற குழுக்கள் ‘ஏ’ சுரத்தை 415 ஹெர்ட்ஸ்ல வைப்பாங்க, உங்க கீபோர்டு 440. வித்தியாசம் சரியா ஒரு அரை சுரம். கீபோர்டுல டிரான்ஸ்போஸ் மைனஸ் 1 வைங்க, ஒட்டிக்கும்.

எதைக் கேக்கலாம்னா, உங்க கையில இருக்கிற பழைய வோக்கல் ஸ்கோரை வைச்சுப் பழக கோலின் டேவிஸ் லண்டன் சிம்பொனியோட செய்த 1966 பதிவு. அது இன்றைய சுருதியில இருக்கு, வேகமும் பதமா இருக்கும். 1980ல் வந்த ஹாக்வுட் பதிவு, 1754ல் ஃபவுண்ட்லிங் ஆஸ்பத்திரியில பாடின வடிவம். சொப்ரானோ (உச்சக் குரல்) வரிசை முழுக்கப் பையன்கள். உச்சரிப்பு பளிச்சுனு இருக்கும், ஆனா 415. ஜான் பட் நடத்தின டனீடின் கான்சார்ட் பதிவு 1742 டப்ளின் வடிவம். கொயர்ல விரல்விட்டு எண்ணுற ஆட்கள்தான், ஒவ்வொரு குரல் எங்க நுழையுதுன்னு கத்துக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது. 1959 பீச்சம் பதிவுல தாளத்தட்டு, பித்தளை வாத்தியம்னு அசன விருந்து மாதிரி எல்லாமே இருக்கும். கேட்டு ரசிக்கலாம், பழக ஆகாது.

ஒரு விஷயம் வருஷா வருஷம் சொல்றேன், இன்னொரு தடவையும் சொல்லிர்றேன். ‘அல்லேலூயா’ கிறிஸ்துமஸ் பாட்டு இல்லை. அது மெசியா ரெண்டாம் பாகத்தோட முடிவு, பாடுகளும் உயிர்த்தெழுதலும் தாண்டி வருது. கிறிஸ்துமஸுக்கு உரியது முதல் பாகம், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். முதல் அரங்கேற்றமே 1742 ஏப்ரல் 13.

மேலப்பாளையம் தம்பி: கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் கேரல் ஆராதனையை நம்ம ஊர்ல நேரலையா எப்பக் கேக்கலாம்?

டிசம்பர் 24, நம்ம நேரம் ராத்திரி 8.30. பிபிசி ரேடியோ. ஒன்றரை மணி நேரம், பத்து மணிக்கு முடிஞ்சிரும், விடியற்கால ஆராதனைக்குத் தூக்கம் கெடாது. 1918ல் ஆரம்பிச்சது, 1928ல் முதல் ஒலிபரப்பு. டிவியில வர்றது வேற. அதை டிசம்பர்ல முன்னாடியே படம் பிடிச்சிருவாங்க.

கொயர் மாஸ்டர்கள் தொடக்கத்தைக் கவனிங்க. முதல் பாட்டோட முதல் சரணத்தை ஒரு பையன் வாத்தியத் துணையில்லாம பாடுவான். ரெண்டாவது கொயர், அதுக்கும் ஆர்கன் இல்லை. சபை எழும்பிப் பாடும்போதுதான் ஆர்கன் நுழையும். அதுக்குள்ள கொயர் இம்மியளவு இறங்கியிருந்தாலும் ஆர்கன் காட்டிக் கொடுத்துரும். நம்ம கேரல் சர்வீஸ்ல இதே மாதிரி செய்ய ஆசைப்படுறவங்க முதல் ரெண்டு சரணத்தை நூறு தடவையாவது துணையில்லாம பாடி, கீபோர்டைத் தட்டிச் சரிபார்த்துட்டு வாங்க.

கடையநல்லூர்: கொயர் ரெக்கார்டிங்குக்கு எந்த மைக் வாங்கலாம் அண்ணாச்சி?

மேல போய் வள்ளியூருக்குச் சொன்னதைப் படிங்க.

மெஞ்ஞானபுரம்: 1980கள்ல எங்க சேகரத்துல பாடின கீர்த்தனைக் கேசட்டுகள் இருபது இருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்தணும். சத்தம் மந்தமா, போர்வைக்குள்ள பாடுற மாதிரி இருக்கு.

முதல்ல சாளரம் வழியா டேப் சுருளைப் பாருங்க. ஓரத்துல வெள்ளையா பொடி படிஞ்சிருந்தா பூஞ்சை, கடலோர ஈரத்துக்கு வரும். அதை ஓட்டாதீங்க, மத்த கேசட்டுக்கும் ஹெட்டுக்கும் தொத்திக்கும். தனியா சிலிக்கா ஜெல்லோட மூடி வைங்க. சுத்தமா இருக்கிறதுல உள்ள இருக்கிற சின்ன கம்பளித் துண்டு விழுந்திருக்கான்னு பாருங்க. அது டேப்பை ஹெட்டோட அழுத்திப் பிடிக்கிறது, அது இல்லாட்டி சத்தம் வந்து வந்து போகும்.

ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சுக் குச்சியால துடைங்க. நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துராதீங்க, பிளாஸ்டிக்கை உருக்கிரும். ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும்.

மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் அசிமத். பதிஞ்ச மெஷின்ல ஹெட் நின்ன சாய்வும் உங்க மெஷின்ல நிக்கிற சாய்வும் ஒண்ணா இல்லை. ஹெட்டுக்குப் பக்கத்துல ஸ்பிரிங் வைச்ச சின்ன ஸ்குரூ இருக்கும். பாட்டை மோனோவுல ஓட விட்டு அதை மெதுவா, ஒரு பக்கம் கால் சுத்துக்கு மேல போகாம திருப்புங்க. ஜால்ரா எப்பப் பளிச்சுனு கேக்குதோ அங்க நிறுத்துங்க. ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் தனியாச் செய்யணும். ஒண்ணுக்குச் சரி பண்ணினது அடுத்ததுக்கு உதவாது.

வேகமும் சந்தேகம். பதிவுல மின்சார ரீங்காரம் இருந்தா அதுவே அளவுகோல். அலைவரிசைப் படத்துல அது 50 ஹெர்ட்ஸ்ல நிக்கணும். 51.5ல நின்னா டேப் நூத்துக்கு மூணு வேகமா ஓடுது, சுருதி கால் சுரம் ஏறியிருக்கும். ஆனா அந்தக் காலத்துல கரண்டே 50க்குக் கீழ இறங்கி ஓடினது உண்டு, அதனால ஆர்மோனியத்தையும் சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்க. ஏத்தின மூலக் கோப்பை இரைச்சல் நீக்காம அப்படியே ஒண்ணு வைங்க. நீக்கினதுல பாடுறவர் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி கேட்டா அளவு மீறிப் போயிட்டீங்கன்னு அர்த்தம்.

டோனாவூர் பேஸ்: கிறிஸ்துமஸ் ஆல்பத்துல ஒரு மோகன ராகக் கீர்த்தனை. நாலு குரல்ல ஹார்மனி போட்டிருக்கோம். பெரியவங்க முகம் சுளிக்கிறாங்க. ஏன்?

ஏன்னா அது இப்போ மோகனம் இல்லை. சட்ஜத்தை ‘சி’யில வைங்க. ராகத்துல இருக்கிறது சி, டி, இ, ஜி, ஏ. கார்டுன்னா மூணு சுரம் சேர்ந்து ஒலிக்கிறது. ‘எஃப்’ கார்டுக்கு எஃப் வேணும், அது மத்யமம். ‘ஜி’ கார்டுக்கு பி வேணும், அது நிஷாதம். ரெண்டும் மோகனத்துல கிடையாது. ராகத்துக்குள்ள முழுசா நிக்கிற மூணு சுரக் கார்டு ரெண்டே ரெண்டு: சி மேஜர், ஏ மைனர். நீங்க எஃப்பும் ஜியும் போட்ட இடத்துல எல்லாம் பேஸ்காரரும் டெனரும் (ஆண்களோட கீழ்க்குரலும் மேல்குரலும்) ராகத்துக்கு வெளியில நிக்கிறாங்க. மேல சொப்ரானோ சரியாப் பாடினாலும் காது ஏழு சுர ராகமான சங்கராபரணம்னுதான் சொல்லும்.

எட்டயபுரம் வீணை: அப்படிச் சொல்ல முடியாது அண்ணாச்சி. முத்துசுவாமி தீட்சிதரே இங்கிலீஷ் பாண்டு மெட்டுகளுக்கு சாகித்தியம் எழுதினவர்தானே? அவர் 1835ல் சமாதியானது எங்க ஊர்லதான்.

நல்ல இடத்துல பிடிச்சீங்க. ஆனா அந்த மெட்டுகளுக்கு எழுதின நோட்டுசுர சாகித்தியங்களை வீணையில வாசிச்சிருப்பீங்கல்லா? அதுல கமகம் (சுரத்தை அசைச்சு இழுக்கிறது) கிடையாது, சுரம் வெட்டு வெட்டா நிக்கும். அதனாலதான் அதுக்கு ஹார்மனி போட்டா உக்காருது. அதோட அது சங்கராபரணம், ஏழு சுரமும் கையில இருக்கு. தோடி காந்தாரத்துக்கு எந்தக் கார்டு போடுவீங்க? அந்தக் காந்தாரம் ஒரு இடத்துல நிக்கவே நிக்காதே.

பாளை ஆர்கன்: ஆபிரகாம் பண்டிதர் நம்ம சாம்பவர்வடகரைக்காரர். 1917ல் கருணாமிர்த சாகரத்துல ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதிங்கிறதை மறுத்து 24ன்னு கணக்குப் போட்டவர். 24ஐப் பாதியாக்கினா கீபோர்டோட 12. அப்புறம் எங்க இடிக்குது?

சுரத்தோட இடத்துக்கு அது கணக்கு. ஒரு சுரத்திலேருந்து அடுத்ததுக்குப் போற வழிக்கு அது கணக்கு இல்லை. கீர்த்தனை அந்த வழியிலதான் இருக்கு.

பாளை ஆர்கன்: அப்போ கீர்த்தனையை ஒரே குரல்லயே பாடிக்கிட்டு இருக்கணுமா? சின்னப் பிள்ளைங்க யாரும் கொயருக்கு வர மாட்டாங்க வே.

ஒரே குரல்னு யார் சொன்னா? வழி சொல்றேன். டெனரும் பேஸும் சட்ஜம், பஞ்சமம் ரெண்டையும் வாயை மூடி ரீங்காரமாப் பிடிக்கட்டும், மூச்சை மாத்தி மாத்தி எடுத்தா அறாது. பல்லவி எல்லாரும், அனுபல்லவி பெண்கள், சரணம் ஆண்கள், கடைசிப் பல்லவி ரெண்டு ஸ்தாயியில சேர்ந்து. இன்னும் வேணும்னா பெண்கள் பாடின வரியை ஒரு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) தள்ளி ஆண்கள் தொடரலாம். மோகனத்துக்கு அது அழகா வரும், ஏன்னா ஒண்ணோட ஒண்ணு அரை சுரத்துல இடிக்கிற ஜோடியே அதுல இல்லை. மிருதங்கத்தை மெயின் மைக்குக்குப் பன்னிரண்டு அடி பக்கவாட்டுல பாயில உக்கார வைங்க, இல்லாட்டி எதிரொலியில பாட்டை முழுங்கிரும். வலந்தலைக்கு (மிருதங்கத்தோட வலது முகத்துக்கு) ஒன்றரை அடியில ஒரு துணை மைக் வைச்சு, மிக்ஸ்ல தெரிஞ்சும் தெரியாம சேருங்க.

எட்டயபுரம் வீணை: இது சரி. ஆனா ரீங்காரம் பிடிக்கிறவங்க சுருதி இறங்கினா?

இறங்கும். சுருதிப் பெட்டி போட்டே ஆகணும்.

தூத்துக்குடி: சண்டை முடிஞ்சுதா? மைக் எது வாங்கலாம்?

மேல.

இடையன்குடி: பாக்கோட கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ ரெண்டரை மணி நேரம் இருக்கு. பாதியில அலுத்துப் போகுது. எப்படிக் கேக்கறது?

ஒரே மூச்சுல கேக்க எழுதினதே இல்லை. 1734 கிறிஸ்துமஸ் தொடங்கி ஆறு நாளுக்கு ஆறு கான்டாட்டா (ஆராதனைக்கான இசைத் தொகுப்பு): டிசம்பர் 25, 26, 27, ஜனவரி 1, அடுத்த ஞாயிறு, ஜனவரி 6. அந்தந்த நாளுக்கு ஒண்ணு கேளுங்க, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். பெரிய கொயர் பிடிக்கும்னா கார்ல் ரிக்டர் 1965. டெனர் வுண்டர்லிச் பாடுற சுவிசேஷகன் பகுதிக்காகவே வாங்கலாம். துடியா வேணும்னா கார்டினர் 1987.

முதல் கான்டாட்டாவுல வர்ற முதல் கோரலை (சபைப் பாமாலை மெட்டுல வர்ற கொயர் பாட்டை) கவனிச்சீங்களா? ‘இரத்தம் காயம் குத்தும்’ மெட்டு. பெரிய வெள்ளிக்கிழமை நாம தலை குனிஞ்சு பாடுறது, அங்க தொழுவத்துப் பிள்ளையை எப்படி வரவேற்பேன்னு கேக்குது. ஆறாவது கான்டாட்டா கடைசிக் கோரஸ்லயும் அதே மெட்டு, இந்தத் தடவை டிரம்பெட்டோட. ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க.

தென்காசி: தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

கூடவே கூடாது. அரக்குத் தட்டு, ஸ்பிரிட்ல கரையும். ரெண்டு சொட்டு சோப்பு கலந்த தண்ணி, மெல்லிய துணி, காடி போற வாக்குல துடைச்சு உடனே உலர்த்துங்க. நடு லேபிள் நனையக் கூடாது. எல்பி ஊசியில ஓட்டாதீங்க. 78க்குக் காடி அகலம், கிட்டத்தட்ட மூணு மடங்கு பருத்த ஊசி வேணும். மெல்லிய ஊசி அடியில விழுந்து அங்க இருக்கிற அழுக்கையெல்லாம் பாடும்.

அம்பை: கேரலுக்கு வெளிநாட்டுப் பதிவைப் பின்னணியா போட்டு எங்க ஆல்பத்துல பாடலாமா?

வெளியான அடுத்த வருஷத்திலேருந்து 60 வருஷம் அந்தப் பதிவுக்கு உரிமை உண்டு, எழுதினவருக்கு அவர் இறந்த பிறகு 60 வருஷம். ஆராதனையில பாடுறதுக்குச் சட்டத்துல விலக்கு இருக்கு, ஆல்பத்துக்கு இல்லை. மெட்டு பழசா இருந்தாலும் மேல போடுற டெஸ்கன்ட் (மெட்டுக்கு மேல பாடுற தனி உச்சக் குரல்) புதுசா இருக்கும். அப்படிப் பல டெஸ்கன்ட் எழுதின டேவிட் வில்காக்ஸ் 2015ல்தான் காலமானார், கணக்குப் போட்டுக்கோங்க.

களக்காடு: ரெக்கார்டு பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பினா சத்தம் கெட்டுப் போகுது. மைக் சரியில்லையோ?

டாக்குமென்டா அனுப்புங்க.

சாயர்புரம் ஆல்ட்டோ: அண்ணாச்சி, கடைசியா ஒண்ணு. ஃபேன் நிறுத்தினா 32 பேருக்கும் வேர்த்து ஊத்துமே?

ஊத்தும். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல பத்து நிமிஷம் போட்டுக்கோங்க. திரும்ப நிறுத்தினதும் இறக்கை முழுசா நிக்கிற வரைக்கும் சிவப்புப் பட்டனை அமுக்காதீங்க.