செல்லோவில் கம்பா இசை வாசிக்கலாமா?

கேள்வி: ஐந்து வருடமாக செல்லோ கற்கிறேன். செல்லோ போலவே வில்லால் வாசிக்கும் பழைய ஐரோப்பிய வாத்தியமான வயோலா ட கம்பாவைத் தனியாகக் கேட்டதிலிருந்து அதன்மேல் பைத்தியம். பிரெஞ்சு கம்பா மேதை மாரேயின் இசைப் பிரதியை இறக்கி செல்லோவில் முயன்றேன். கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) வரும் இடமெல்லாம் விரல் சிக்குகிறது. பயிற்சி போதவில்லையா?

விரலைக் குறை சொல்லாதீர்கள். சிக்கல் சுருதி கூட்டும் முறையில் இருக்கிறது. செல்லோவில் தந்திக்குத் தந்தி ச–ப தூரம். கம்பாவின் ஆறு தந்திகள் (டி, ஜி, சி, இ, ஏ, டி) ச–ம தூரத்தில் நிற்கின்றன. நடுவில் சி–இ ஜோடி மட்டும் ச–க. டி மேஜர் கார்டையே பாருங்கள். இரண்டாவது மெட்டில் ஒரு விரலை ஜி, சி, இ மூன்றின்மேலும் குறுக்காகப் படுக்கவைத்தால் போதும். மற்ற மூன்று தந்திகளைத் தொடவே வேண்டாம், ஆறும் சேர்ந்து ஒலிக்கும். மெட்டு என்றால் வீணையில் மெழுகில் பதித்தது போல அல்ல, கழுத்தைச் சுற்றிக் கட்டிய குடல் நரம்பு, நகர்த்திச் சரிசெய்யலாம். மாரே எழுதியது இந்தக் கைக்கு, அதுவும் அடியில் ஏழாவது தந்தி சேர்ந்த பிரெஞ்சு கம்பாவுக்கு. செல்லோவில் அந்தக் கார்டுகளை உடைத்துத்தான் வாசிக்க முடியும்.

இன்னொன்று, பலர் ஏமாறும் இடம். 1686 முதல் 1725 வரை மாரே வெளியிட்ட ஐந்து தொகுதிகளும் ‘தனி இசை’ என்றாலும் துணையில்லாத இசை அல்ல. கீழே இன்னொரு வாத்தியம் வாசிக்கும் பாஸ் வரி (தாழ்ந்த சுரங்களில் வரும் துணை) ஓட வேண்டும். முதல் தொகுதிக்கு அந்த பாஸ் வரி அச்சானதே 1689-இல்தான். நீங்கள் இறக்கியது மேல் வரி மட்டுமாக இருந்தால், பாதி இசைதான் கையில் இருக்கிறது.

துணையே வேண்டாம் என்றால் ஜெர்மன் இசையமைப்பாளர் டெலிமானிடம் போங்கள். கம்பாவுக்காக அவர் 1735-இல் வெளியிட்ட 12 ஃபாண்டசியாக்கள் (கட்டற்ற வடிவத் தனி உருப்படிகள்) தொலைந்தே போயின என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். ஒரு பிரதி கிடைத்த செய்தி 2015-இல்தான் வந்தது. அவற்றில் இசை ஒற்றை வரியாக ஓடும் பகுதிகள் நிறைய. செல்லோவுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. அடுத்து இன்னொரு ஜெர்மன் கம்பா கலைஞர் ஆபெல். அவருடைய டி மைனர் அடாஜியோ (மெதுவான உருப்படி) ஒரு மாதம் உங்களைக் கட்டிப்போடும். 1605-இல் வந்த, ஆங்கிலக் கம்பா இசையமைப்பாளர் டோபையஸ் ஹ்யூமின் தொகுப்பை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அசல் அச்சில் கம்பாவுக்குப் பெரும்பாலும் சுரக்குறிகள் இல்லை. ஆறு தந்திக்கு ஆறு கோடு, அவற்றின்மேல் ஏ, பி, சி என்று எழுத்துகள். ஏ என்றால் விரல் வைக்காத தந்தி, பி முதல் மெட்டு. செல்லோவில் மெட்டு ஏது?

எந்த உருப்படியானாலும் வில்லில் கவனம் வேண்டும். கம்பாவில் உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, நடுவிரல் வில்லின் முடியையே அழுத்தும். பலமான வீச்சு நுனியிலிருந்து உள்ளே தள்ளும்போது வரும், உங்கள் பழக்கத்துக்கு நேர் எதிர். செல்லோவில் இழுக்கும் வீச்சில் அந்த அழுத்தத்தை வையுங்கள். பழைய பிரதியில் உள்ள வில் குறிகளை அப்படியே பின்பற்றினால் தாளம் தலைகீழாகக் கேட்கும்.